பெரிய ஃபுட் பிராசஸர்: ஒறம்பரைக்கு (விருந்தாளிக் கூட்டத்துக்கு) ஆகும், நாலு பேர் சமையலுக்கு மல்லுக்கட்டும்

கொங்கு நாட்டு அடுப்படியில் ஏற்கனவே இரண்டு மோட்டார் ஓடுகிறது. ஒன்று கிரைண்டர், கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. இன்னொன்று மிக்ஸி. மூன்றாவதாக மேடையில் இடம் கேட்டு வருகிறது, மூன்று அல்லது மூன்றரை லிட்டர் கிண்ணம் வைத்த ஃபுட் பிராசஸர். கடையில் விசாரித்தால், "மாவு பிசையும், காய் நறுக்கும், தேங்காய் துருவும், சட்னி அரைக்கும், எல்லாமே பண்ணுமுங்க" என்பார்கள். முதல் மூன்றும் உண்மை. நாலாவது பாதி உண்மை. "எல்லாமே" என்பதை நம்பி வாங்கினால் ஆறே மாதத்தில் சாமான் பரணுக்குப் போய்விடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது அரைக்கிற இயந்திரம் அல்ல, வெட்டுகிற இயந்திரம். கிரைண்டர் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வைத்து நசுக்கித் தேய்க்கிறது. உளுந்து பொங்கி வருவது அந்தத் தேய்ப்பில்தான். மிக்ஸி குறுகலான ஜாரில் நிமிடத்துக்கு 18,000 சுற்று வேகத்தில் அடித்துத் தூளாக்குகிறது. பிராசஸரோ அகலமான கிண்ணத்தில், அதைவிடப் பல மடங்கு மெதுவாக, நீண்ட பிளேடைச் சுழற்றி நறுக்கிப் போடுகிறது. பிரான்சு நாட்டு ஓட்டல் சமையலறையில் பிறந்து, 1970களில் வீட்டுக்கென்று சின்ன உருவில் வந்த சாமான் அது. உளுந்து அதற்குத் தெரியாது. ஊற வைத்த அரிசியைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டினாலும் ரவைதான் வரும், மாவு சூடாகும், இட்லி கல்லாகும்.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். அது கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினால் வரும் அளவு. உலர்ந்த பொருளுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான் புழங்கும், நீர்ப்பொருளுக்குப் பாதி. காரணம் கிண்ணத்தின் நடுவில் நிற்கும் குழல். மோட்டாரின் தண்டு அதற்குள்ளிருந்துதான் மேலே வருகிறது. ஓடும்போது தண்ணீர் அந்தக் குழலின் உயரத்தைத் தாண்டினால், உள்வழியாக இறங்கி நேராக மோட்டார் தலையில் ஒழுகும். கிண்ணத்தில் நீர்ப்பொருளுக்கு என்று தனிக் கோடு இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். கோடு இல்லாவிட்டால் குழலின் உச்சிக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்துங்கள். அமெரிக்க மாடல்களில் லிட்டருக்குப் பதில் கப் கணக்கு இருக்கும். 14 கப் என்றால் சுமார் 3.3 லிட்டர்.

பெரிய கிண்ணம் வாங்குகிறவர்கள் அதிகபட்ச அளவையே பார்க்கிறார்கள். தினசரி சமையலில் தொந்தரவு தருவது குறைந்தபட்ச அளவு. கிண்ணத்தின் குறுக்களவு ஒரு சாண் இருக்கும். அதில் நூறு கிராம் சின்ன வெங்காயத்தைப் போட்டுச் சுற்றினால், முதல் சுற்றிலேயே பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும், மீதி பிளேடுக்கு அடியில் முழுசாகவே உருளும். இருநூற்றைம்பது கிராமுக்குக் கீழே எதைப் போட்டாலும் இந்தக் கதைதான். நாலு பேர் வீட்டில் பொரியலுக்கு வெங்காயம் அரிய அருவாமனையை எடுத்து, அரிந்து, கழுவி வைத்துவிடலாம், இங்கே மூடி மாட்டுகிற நேரத்தில். பெரிய கிண்ணத்துக்குள் சின்னக் கிண்ணம் உட்காரும் மாடல்கள் இதற்குத்தான். மேஜிமிக்ஸ் 5200 எக்ஸ்எல் மாடலில் 3.6, 2.6, 1.2 லிட்டர் என்று மூன்று கிண்ணம் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். உள்கிண்ணம் இல்லாத பெரிய மாடலை, வீட்டில் ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு.

இனி அது நன்றாகச் செய்கிற வேலைகள். முதல் இடம் சப்பாத்தி மாவுக்கு. 600 கிராம் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் போட்டு ஐந்து நொடி ஓட்டி கலந்துகொள்ளுங்கள். பிறகு ஓடவிட்டபடியே மூடியின் மேல்குழாய் வழியாக 360 மில்லி தண்ணீரை நூல் மாதிரி, இருபது இருபத்தைந்து நொடி எடுத்து ஊற்ற வேண்டும். மாவு முதலில் ரொட்டித் தூள் மாதிரி உதிரும், பிறகு கட்டி கட்டியாகச் சேரும், கடைசியில் ஒரே உருண்டையாகிக் கிண்ணத்தைச் சுற்றி ஓடும். உருண்டை ஆகாமல் உதிரியாகவே நின்றால் இன்னும் இருபது, முப்பது மில்லி. கடைப் பாக்கெட் மாவும் மில்லில் அரைத்த கோதுமையும் ஒரே அளவு தண்ணீர் குடிக்காது, அதனால்தான் எடுத்தவுடன் முழுசாக ஊற்றாதது. உருண்டையான பின் முப்பது நொடி, அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரு கிலோவை ஒட்டி மாவு வரும், இருபத்திரண்டு சப்பாத்தி. இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டுத் தேய்த்தால் கையால் பத்து நிமிடம் பிசைந்த மாவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

கெட்டுப்போவது இரண்டு விதம். தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் களி மாதிரி ஒட்டிக்கொண்டு மேலே வெறும் மாவு நிற்கும், பிளேடு நடுவில் சும்மா சுற்றும். நிறுத்தி, ஓரத்தை வழித்து, ஒரு கை மாவு தூவி விட்டு விட்டு ஓட்டினால் சேர்ந்துவிடும். இன்னொன்று, பூரிக்கு வேண்டும் என்று மாவை இறுக்கமாகப் பிசையப் பார்ப்பது. மோட்டார் சத்தம் தடித்து, வேகம் இறங்கி, இயந்திரம் மேடையில் நகர ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ஓவர்லோடு சுவிட்ச் விழும், அது இல்லாத மாடலில், மோட்டாரையும் பிளேடையும் இணைக்கிற கப்ளரின் பல் உடையும். பூரி மாவை இரண்டு பங்காகப் பிரித்துப் போடுங்கள். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர்ப் பக்கம் குழாய்த் தண்ணீரே வெந்நீராக வரும், பிளேடு சுற்றுகிற சூடும் அதோடு சேர்ந்தால் மாவு இளகி ஒட்டும். பானைத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

மாவு பிசைய என்று தரும் பிளாஸ்டிக் பிளேடு கை குட்டையானது. 400, 450 கிராமுக்கு மேல் மாவு இருந்தால்தான் அதற்கு எட்டும். அதற்குக் குறைவென்றால் எஃகு பிளேடே நல்லது. ராகி, கம்பு மாவுக்கு இந்த வேலையே வேண்டாம். அதில் இழுவை கிடையாது, எவ்வளவு சுற்றினாலும் உருண்டை ஆகாது. ஒப்புட்டுக்கு (போளிக்கு) மைதா பிசையலாம், ஆனால் எண்ணெயைக் கடைசியில் கையால் சேர்ப்பது மேல். ஒப்புட்டுப் பூரணத்துக்குத்தான் இது ராஜா: குழையாமல் வேக வைத்து, தண்ணீரை முழுக்க வடித்து ஆற வைத்த கடலைப் பருப்பு, பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவல் மூன்றையும் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் உருட்டும் பதம். மிக்ஸியில் இதே பூரணம் பிளேடைச் சுற்றி இறுகி, ஜாரே சூடாகிவிடும்.

தேங்காய் கணக்கு வேறு. துருவியில் தேங்காய் மூடியை அப்படியே வைத்துத் துருவலாம். பிராசஸருக்கு ஓட்டிலிருந்து பருப்பைக் கீறி எடுக்க வேண்டும், முதுகுத் தோல் சீவ வேண்டும், இரண்டு சென்டிமீட்டர் துண்டாக்க வேண்டும். ஒரு மூடிக்காக இந்தப் பாடு படுவது வீண். மூன்று காய்க்கு மேல் என்றால் ஆட்டம் மாறும். பொள்ளாச்சிக் காய் ஒன்றில் கால் கிலோவுக்குக் குறையாமல் பருப்பு வரும். இரண்டு காய்ப் பருப்பை ஒரு தடவையாகப் போட்டு, பத்துப் பன்னிரண்டு தடவை விட்டு விட்டு அடித்து, கடைசியில் ஐந்து நொடி ஓட்டினால் பொரியலுக்குத் தூவுகிற பதத்தில் பூவாக உதிரும். நோம்பி (பண்டிகை) நாளில் ஆறு காய் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தோல் சீவாமல் போட்டால் பழுப்புப் புள்ளி விழும்; குழம்புக்குப் போகிற தேங்காய் என்றால் அதனால் ஒன்றும் இல்லை.

அதே தேங்காயைக் குழம்புக்கு மைய அரைக்கச் சொன்னால் கைவிரித்துவிடும். தண்ணீர் விட்டு எத்தனை நேரம் ஓட்டினாலும் நாக்கில் திப்பி படும். சந்தகைக்கு (சேவைக்கு) தேங்காய்ப்பால் எடுப்பவர்கள் துருவலை இதில் அடித்து, அதைப் பெரிய மிக்ஸி ஜாரில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஒரு சுற்று அரைத்துப் பிழிவதே சரியான வழி. பிராசஸரிலேயே பால் எடுத்தால் இரண்டாம் பால் மாதிரிதான் முதல் பாலே இருக்கும். நிலக்கடலைச் சட்னி, புதினாத் துவையல், செலவு ரசத்துக்குத் தட்டுகிற சாமான், இவையெல்லாம் மிக்ஸிக்கும் அம்மிக்கும் உரியவை.

துருவும் தட்டுக்கு வருவோம். தட்டுவடை மேல் காய்த்துருவல் வைக்கிற சேலத்துத் தட்டுவடை செட்டை வீட்டில் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு தட்டுக்காகவே இயந்திரம் வாங்கத் தோன்றும். கேரட், பீட்ரூட் இரண்டும் அரை அரை கிலோ. தோல் சீவி, குழாய்க்குள் நுழையும் அளவுக்கு வெட்டி வைத்திருந்தால் துருவி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. குழாயில் கேரட்டை நிறுத்தி வைத்தால் குட்டைத் துருவல், படுக்க வைத்தால் நீள நீளமாக நூல் மாதிரி விழும். தட்டுவடை மேல் நிற்கக் குட்டையே நல்லது, கடிக்கும்போது இழுத்துக்கொண்டு வராது. அழுத்துகிற கட்டையால் ஒரே சீராக, லேசாக அழுத்தினால் போதும். பலத்தைக் காட்டினால் துருவல் நசுங்கித் தண்ணீர் விடும். ஒவ்வொரு தடவையும் தட்டுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சில்லு தங்கிவிடும். அது பழுது அல்ல, அமைப்பே அப்படி. அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம்.

நடுவில் கழுவாமல் ஒரே ஓட்டத்தில் முடிக்க வரிசை முக்கியம். தேங்காய், முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், கடைசியில் வெங்காயம். வெங்காயத்தை முதலில் போட்டால் அத்தனையிலும் வாடை ஏறும். பீட்ரூட் முந்தினால் முட்டைக்கோஸ் ரோஸ் கலருக்குப் போகும்.

சீவும் தட்டில் முட்டைக்கோஸ், பெரிய வெங்காயம், உருளை, பஜ்ஜிக்கு வாழைக்காய் நன்றாக வரும். வாழைக்காய்க் கறை பிளாஸ்டிக்கில் பிடித்தால் போகாது, சீவுமுன் தட்டிலும் குழாயிலும் எண்ணெய் தடவுங்கள். பீன்ஸ், அவரை? நிறுத்தி அடுக்கினால்தான் வட்ட வட்டமாக வரும், அப்படி அடுக்குகிற நேரத்தில் கத்தியால் அரிந்து தாளித்தே விடலாம். வெண்டைக்காய் வழவழவென்று தட்டில் அப்பிக்கொள்ளும். வாழைத்தண்டைப் போடவே கூடாது. நார் மோட்டார் தண்டைச் சுற்றி இறுகிக்கொண்டு பிளேடை எடுக்க விடாது. பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தேங்காய்ப் பல் கீற இதை நம்ப வேண்டாம். வளைந்த துண்டு குழாயில் சாய்ந்து, ஒன்று கட்டையாகவும் ஒன்று தாளாகவும் வரும்.

சின்ன வெங்காயத்துக்கு ஒரு வார்த்தை. உரிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு, அதில் இயந்திரம் ஒரு துளியும் உதவாது. உரித்த அரை கிலோவைப் போட்டு, நாலைந்து தடவை பொத்தானைத் தட்டித் தட்டி எடுத்தால் ஓரளவு சமமாக நறுங்கும். கை மறந்து பத்து நொடி அழுத்திவிட்டால் சாறு பிரிந்து கசக்கும். வதக்கினாலும் பொன்னிறமாகாமல் வெந்த வெங்காயமாகவே நிற்கும். செல் உடைந்து தண்ணீர் வெளியே வந்துவிடுவதால் வருகிற வினை.

பருப்பு வடை இதன் இன்னொரு வெற்றி. அரை கிலோ கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடிகட்டியில் பதினைந்து நிமிடம் போட்டுத் தண்ணீரை முழுக்க இறக்குங்கள். ஒரு கைப்பிடி முழுப் பருப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை விட்டு விட்டுப் பத்துப் பன்னிரண்டு தடவை அடியுங்கள், நடுவில் இரண்டு முறை ஓரத்தை வழித்துவிட்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். மிக்ஸியில் அடி மையாகி மேல் முழுசாக நிற்குமே, அந்தத் தொல்லை கிடையாது. மிளகாய், சோம்பு, இஞ்சி, பூண்டு மட்டும் தனியாக மிக்ஸியில் தட்டிக்கொள்ளுங்கள். இத்தனை பெரிய கிண்ணத்தில் நாலு மிளகாய் எங்கே போனது என்று பிளேடுக்கே தெரியாது. வேக வைத்த கொள்ளுப் பருப்பையும் அரை கிலோ அளவில் இப்படியே கொரகொரப்பாக எடுக்கலாம், தண்ணீரை ரசத்துக்கு வடித்து, நன்றாக ஆற வைத்த பிறகு. சூடாகப் போட்டால் மூடிக்குள் ஆவி அடைத்து இடுக்கு வழியே சீறும். கீரையும் அப்படித்தான், என்றாலும் கடைந்த கீரையின் பதம் மத்துக்கும் சட்டிக்கும்தான் வரும்.

மின்சாரச் செலவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. 1000 வாட் மோட்டார் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால்தான் ஒரு யூனிட். அறுபது தடவை சப்பாத்தி மாவு பிசைந்தாலும் அதைச் சுற்றித்தான் வரும். ஆனால் மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். நேராகச் சுவர் பிளக். கரண்ட் போனபோது சின்ன இன்வெர்ட்டரில் ஓட்டினால் மோட்டார் கிளம்புகிற இழுப்பில் இன்வெர்ட்டர் விழுந்துவிடும். தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) சுற்றுப்பட்டு பம்ப்செட் மோட்டாரெல்லாம் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அப்போது மாவு பிசைந்தால் மோட்டார் முனகிச் சூடாகும். பாதி அளவு போடுங்கள், அல்லது பம்ப்செட்டெல்லாம் நின்ற பிறகு பிசையுங்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கொண்டு வந்து தருகிற இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்க்குச் செய்தது. நேராக மாட்டினால் அன்றோடு சரி. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் குறையுமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதலாகச் சூடாகும்.

ஓவர்லோடில் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பாதி மாவை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஆற விட்டு, அடியில் ரீசெட் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். அறவே ஓடவில்லை என்றால் பத்தில் பாதி தடவை மோட்டார் காரணமாக இருக்காது, மூடி சரியாகப் பூட்டாததுதான். மூடியின் விளிம்பில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அது போய் உள் சுவிட்சை அழுத்தினால்தான் ஓடும். அந்த இடுக்கில் காய்ந்த மாவு அடைத்திருந்தாலே போதும், இயந்திரம் செத்த மாதிரி கிடக்கும். ஒரு பல்குச்சியால் சுரண்டிவிட்டுப் பாருங்கள்.

கழுவுவதில் கவனிக்க வேண்டியது பிளேடின் நடுத்தண்டு. அதன் உட்குழியில் மாவு புகுந்து புளித்துக் கறுக்கும். பாட்டில் பிரஷ் இல்லாமல் போகாது. சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் பிளேடைப் போட்டுவிட்டுக் கையை விடாதீர்கள். முதலில் அதைக் கழுவி ஓரமாக வையுங்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் கிண்ணம் வருஷக்கணக்கில் கண்ணாடியாக இருக்கும். போர் தண்ணீர் வீட்டில் உப்புப் படிந்து வெளுக்கும், எலுமிச்சை மூடியால் தேய்த்துத் துடைத்தால் தெளியும். மஞ்சள் கறைக்கு எண்ணெய் தடவித் துடைத்து, கிண்ணத்தை இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்தால் நிறம் தானாகவே வெளுக்கும்.

இடமும் முன்கூட்டிப் பார்க்க வேண்டும். ஆறேழு கிலோ எடையுள்ள சாமான். பரணில் வைத்தால் இறக்க ஆள் வராது. மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவில் இயந்திர உயரத்தோடு அழுத்துகட்டையை உருவுகிற உயரமும் வேண்டும், அதாவது இரண்டடி. கூட வருகிற ஜூஸ் பிழியும் மூடி, முட்டை அடிக்கும் தட்டு எல்லாம் பெட்டியை நிரப்பத்தான்.

மோட்டார் பழுதுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற கோவையில் மோட்டார் கம்பிச்சுருள் (காயில்) கட்டுவதும் கார்பன் பிரஷ் மாற்றுவதும் தெருவுக்குத் தெரு நடக்கிறது. ஆனால் விரிசல் விட்ட கிண்ணத்தையும் நாக்கு ஒடிந்த மூடியையும் எந்த மெக்கானிக்கும் செய்து தர முடியாது, அந்தக் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. ஆகவே காசு கொடுக்குமுன் கடைக்காரரிடம் இயந்திரத்தின் விலையைப் பேசாமல், "கிண்ணம் தனியா என்ன விலைங்க? மூடி? கப்ளர்? இங்கயே ஸ்டாக் இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். கப்ளர் கையிருப்பில் இருந்தால் இயந்திரத்தோடு சேர்த்து அன்றைக்கே ஒன்று வாங்கி டப்பாவில் போட்டு வையுங்கள்.